விட்டோ கார்லியோனின் கணக்கு: ஏன் மறுத்தார், ஏன் சமாதானத்துக்குப் போனார்?

‘தி காட்ஃபாதர்’ படத்தைப் பற்றிக் காரைக்குடிப் பக்கம் நாலு பேர் பேச உட்கார்ந்தால் மூன்று கேள்விகள் தவறாமல் எழும். போதை மருந்து வியாபாரத்தில் சேர, கதையின் மையமான நியூயார்க் தாதா விட்டோ கார்லியோன் மறுக்கிறாரே, அது நல்ல மனசா? மூத்த மகனைச் சல்லடையாகச் சுட்டுக் கொன்றவர்களோடு போய்ச் சமாதானம் பேசுகிறாரே, அது பயமா? இளைய மகன் மைக்கேல் இந்தத் தொழிலுக்கு வரவே கூடாது என்று நினைத்தவர், கடைசியில் அவனையே தன் நாற்காலியில் உட்கார வைத்தது எப்படி?

குழப்பம் வருவதில் வியப்பில்லை. மூன்று மணி நேரப் படத்தைப் பலர் இப்போது செல்போனில் இரண்டு நிமிடத் துண்டுகளாகத்தான் பார்க்கிறார்கள். துண்டு துண்டாகப் பார்த்தால் விட்டோ ஒரு ஞானி மாதிரித் தெரிவார். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே ஓடும் கணக்கு கண்ணில் படாது.

நம் படங்களில் தாதா திரையில் வந்தவுடன் நல்லவரா கெட்டவரா என்று கேட்டுப் பழகிவிட்டோம். விட்டோவிடம் அந்தக் கேள்வி எடுபடாது. அவர் ஆள் வைத்துக் கொல்பவர், அதில் ஐயமே இல்லை. கேட்க வேண்டியது வேறு: அவர் எதை முதலாகப் போட்டுத் தொழில் நடத்துகிறார்? எது போனால் அவர் திவால்? இதைப் பிடித்துக்கொண்டால் முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும். மூன்றாவது அவ்வளவு லேசில் பிடிபடாது.

முதலில் சில அடிப்படைகள்

மரியோ பூசோ 1969இல் எழுதிய நாவலைப் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா 1972இல் படமாக்கினார். விட்டோவாக மார்லன் பிராண்டோ, மைக்கேலாக அல் பசினோ. கதை 1945இல் நியூயார்க்கில் ஒரு கல்யாண வீட்டில் தொடங்கி, ஏறத்தாழப் பத்து வருடம் நகர்கிறது. படத்தைப் புரிந்துகொள்ளச் சில சொற்கள் தெளிவாக வேண்டும்.

1. குடும்பம். இந்தப் படத்தில் இது ரத்த உறவையும் குறிக்கும், கும்பலையும் குறிக்கும். நிஜ நியூயார்க்கிலும் 1931இல் இத்தாலியக் கும்பல்கள் ஐந்து குடும்பங்களாக வரையறுத்துக்கொண்டு, தங்களுக்குள் வரும் தகராறுகளைத் தீர்க்கத் தலைவர்களின் கமிஷன் ஒன்றையும் வைத்துக்கொண்டன. படத்தில் வரும் ஐந்து குடும்பங்கள் கற்பனைதான், ஆனால் அச்சு அங்கிருந்து எடுத்தது.

2. காட்ஃபாதர். நம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞானத்தகப்பன் என்பார்களே, அதுதான். குழந்தையின் ஞானஸ்நானத்தில் முன்நின்று பொறுப்பேற்பவர். ரத்தம் இல்லாமல் உறவை உண்டாக்கும் முறை இது. விட்டோவின் தொழில் முழுக்க இந்த மாதிரி உண்டாக்கிய உறவுகளின் மேல்தான் நிற்கிறது.

3. கான்சிலியரி. தலைவரின் ஆலோசகர். விட்டோவுக்கு அவர் எடுத்து வளர்த்த டாம் ஹேகன். கணக்குப்பிள்ளையும் வக்கீலும் ஒரே ஆளாக இருந்தால் எப்படியோ அப்படி.

‘மாஃபியா’ என்ற சொல் படத்தின் வசனத்தில் எங்கேயும் வராது. இத்தாலிய அமெரிக்கர்களின் அமைப்பு ஒன்று எதிர்ப்புத் தெரிவித்ததால் அதை எடுத்துவிட்டார்கள். இதனால் படத்துக்கு நன்மைதான் நடந்தது என்பேன். அந்தப் பெயர் இல்லாததால் நாம் இவர்களைக் கும்பலாக அல்ல, ஒரு வீடாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். விட்டோவும் தன்னை அப்படித்தான் பார்த்துக்கொள்கிறார்.

அவர் நடத்துவது கைமாற்று

படத்தின் முதல் காட்சியைப் பொறுமையாகப் பார்த்தால் போதும். விட்டோவின் மகள் கோனிக்குக் கல்யாணம். வெளியே தோட்டத்தில் பாட்டும் ஆட்டமும், உள்ளே இருட்டு அறையில் போனசேரா என்பவர் அழுதுகொண்டிருக்கிறார். இறந்தவர்களின் உடலை அடக்கத்துக்கு ஆயத்தம் செய்வது அவர் தொழில். அவர் மகளை இரண்டு இளைஞர்கள் அடித்து முகத்தைச் சிதைத்துவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போனார். மூன்று வருடம் தண்டனை என்று சொன்ன நீதிபதி, அதை நிறுத்திவைத்து அவர்களை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நியாயம் கேட்டு இப்போது இங்கே வந்திருக்கிறார். எவ்வளவு கொடுக்கட்டும் என்று கேட்கிறார்.

விட்டோவுக்கு முகம் சுருங்குவது அந்த இடத்தில்தான். கொலை செய்யச் சொன்னபோதுகூட அவர் இவ்வளவு கோபப்படவில்லை. பணம் என்றதும் அவமானப்பட்டவர் போல ஆகிவிடுகிறார். ஏன்? இத்தனை நாளாக என் வீட்டுக்கு ஒரு காபி குடிக்கக்கூட வரவில்லை, என் மனைவி உன் மகளுக்கு ஞானத்தாய், அப்படியும் என் நட்பு உனக்கு வேண்டியிருக்கவில்லை என்று குறைபடுகிறார். போனசேரா குனிந்து கையை முத்தமிட்டு ‘காட்ஃபாதர்’ என்று அழைத்த பிறகுதான் வேலையை ஏற்கிறார். பணம் வாங்கவில்லை. ஒரு நாள், அந்த நாள் வராமலே போகலாம், உன்னிடம் ஓர் உதவி கேட்பேன், அதுவரை இதை என் மகள் கல்யாணத்தன்று கிடைத்த பரிசாக வைத்துக்கொள் என்கிறார்.

நம் ஊரில் மொய் எழுதுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோனியும் கையில் பட்டுப் பையை வைத்துக்கொண்டு வரும் பணக் கவர்களை அதில் போட்டுக்கொள்கிறாள். வெளியே வாங்குவது மொய், உள்ளே கொடுப்பதும் மொய். செட்டிநாட்டுக் கல்யாணத்தில் இசைகுடிமானம் என்ற திருமணப் பத்திரம் எழுதுகிறோம், மொய்ப்பண ஏடு எழுதுகிறோம். விட்டோ எதையும் எழுதுவதில்லை. அவருடைய பலம் மொத்தமும் அந்த எழுதாமையில் இருக்கிறது.

பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்க, அதாவது வட்டித்தொழில் நடத்தப் போன செட்டியார்களின் பெட்டியடிகள் (வட்டிக்கடைகள்) கொடுத்த கடனோடு விட்டோவின் கடனை ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். இரண்டு தொழிலையும் ஒன்று என்று சொல்வதற்காக ஒப்பிடவில்லை. ஒன்று சட்டத்துக்கு உட்பட்ட லேவாதேவி, மற்றது குற்றம். கடன் என்பதன் தன்மை புரிய இந்த ஒப்பீடு உதவுகிறது, அவ்வளவுதான்.

1. எழுத்து. பெட்டியடிக் கடனுக்குப் புரோநோட்டு உண்டு, பேரேட்டில் பற்று உண்டு. விட்டோ கொடுத்ததற்கு அவர் நினைவைத் தவிர ஏடு கிடையாது.

2. வட்டி. ரங்கூனில் செட்டியார்கள் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். வாங்குகிறவனுக்கும் அந்த வீதம் தெரியும். விட்டோவிடம் வட்டியும் இல்லை, அசல் எவ்வளவு என்பதும் தெரியாது.

3. முடிவு. புரோநோட்டுக் கடனைக் கட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடும், வாங்கியவன் தலைநிமிர்ந்து வெளியே போகலாம். தகராறு என்றால் கோர்ட் இருக்கிறது. விட்டோவின் கடனை எதைக் கட்டி அடைப்பது?

போனசேரா பணம் நீட்டியது இதற்குத்தான். கணக்கை அன்றே முடித்துக்கொண்டு வெளியேறப் பார்த்தார். விட்டோ கோபப்பட்டதும் இதற்குத்தான். ரொக்கம் வாங்கினால் அவர் வெறும் கூலிக்காரர். நன்றியாக வாங்கினால் முதலாளி.

போனசேரா ஒரு சின்னப் புள்ளி. இதே மாதிரி நன்றிக்கடன் பட்டவர்களில் நீதிபதிகள், அரசியல்வாதிகள், யூனியன்காரர்கள், போலீஸ்காரர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். விட்டோவின் முதல் அவர்கள்தான். துப்பாக்கி எல்லாக் குடும்பத்திடமும் இருக்கிறது. நீதிபதிகள் இவரிடம் மட்டும்தான் இத்தனை பேர்.

சொலாசோ கேட்டது பணமா?

சொலாசோ என்ற வியாபாரி வருகிறான். ஹெராயின் தொழில் தொடங்கப் போகிறான், டாட்டாலியா குடும்பம் பின்னால் இருக்கிறது. விட்டோ 10 லட்சம் டாலர் ரொக்கம் போட வேண்டும், அரசியல் செல்வாக்கையும் சட்டப் பாதுகாப்பையும் தர வேண்டும். பதிலுக்கு 30 சதவீதப் பங்கு. முதல் வருடமே உங்கள் பங்குக்கு 30, 40 லட்சம் டாலர் வரும் என்கிறான்.

விட்டோ மறுக்கிறார். இதை அவருடைய ஒழுக்கம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அவர் வாயாலேயே சொல்கிறார்: ஒருவன் பிழைப்புக்கு என்ன செய்கிறான் என்பது எனக்கு ஒரு பொருட்டில்லை, ஆனால் உங்கள் தொழில் கொஞ்சம் ஆபத்தானது. மறுப்புக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இது:

1. அவரிடம் கடன்பட்ட அரசியல்வாதிகள் சூதாட்டத்தை ஆபத்தில்லாத பொழுதுபோக்காகப் பார்க்கிறார்கள். போதை மருந்து அப்படியில்லை. அது தெரிந்தால் அவர்கள் நட்பு நிற்காது. அவர் சொல்லும் காரணம் இதுதான், இதைவிட ஆழமான காரணம் எதையும் தேட வேண்டியதில்லை.

2. 10 லட்சத்தைச் சொலாசோ வேறு யாரிடமும் புரட்டலாம். சில்லறைக் காசு மாதிரி சட்டைப் பையில் போட்டு வைத்திருக்கிற அரசியல்வாதிகள்தான் வேண்டும் என்று அவனே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறான். அதாவது லாபத்தில் 30 சதவீதம் கொடுத்துவிட்டு, முதல் முழுவதையும் தன் தொழிலுக்கு அடமானமாகக் கேட்கிறான்.

3. நட்டம் எப்படி விழும் என்று பாருங்கள். சரக்கு பிடிபட்டால் சொலாசோவுக்குப் போவது ஒரு சரக்கு. விட்டோவுக்குப் போவது முப்பது வருடமாகச் சேர்த்த பெயர். 30 சதவீதம் அதற்கு ஈடாகாது. எந்தப் பெட்டியடி மேலாளும் இந்தக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

ஒழுக்கம்தான் காரணம் என்பவர்களுக்குப் படத்திலேயே ஒரு மறுப்பு இருக்கிறது. பின்னால் எல்லாத் தலைவர்களும் கூடும் கூட்டத்தில், டெட்ராயிட்டிலிருந்து வந்தவர் பேசுகிறார். பள்ளிக்கூடத்துப் பக்கம் விற்கக் கூடாது, குழந்தைகளுக்கு விற்கக் கூடாது என்று தொடங்கி, கறுப்பினத்தவரிடம் மட்டும் விற்கலாம், அவர்கள் மிருகங்கள்தானே, அவர்கள் ஆன்மா அழிந்தால் அழியட்டும் என்று முடிக்கிறார். கேட்கவே மனம் கொதிக்கிற பேச்சு. விட்டோ அதே மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்திலேயே போதை மருந்துக்குப் பாதுகாப்புத் தரவும் சம்மதிக்கிறார். மனசாட்சியால் மறுத்தவர் என்றால் அவர் வாய் திறந்திருக்க வேண்டிய இடம் அது.

சன்னி சொன்ன ஒரு வாக்கியம்

சொலாசோவோடு பேசும்போது மூத்த மகன் சன்னி குறுக்கே வாய் கொடுக்கிறான். எங்கள் பணத்துக்கு டாட்டாலியா உத்தரவாதம் தருகிறார்களா என்ன என்கிறான். அப்பா உடனே அவனை அடக்கிவிடுகிறார். சொலாசோ போனபின், வெளியாளிடம் உன் மனசில் இருப்பதைக் காட்டாதே என்று கடிந்துகொள்கிறார்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் சொலாசோவுக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது: கிழவர் இல்லையென்றால் மகன் ஒத்துக்கொள்வான். தெருக்கடையில் பழம் வாங்கிக்கொண்டிருந்த விட்டோவைச் சுடுகிறார்கள். கடைக்கு வந்த வெளியாள் முன்னால் முதலாளிக்கும் மகனுக்கும் இரண்டு கருத்து இருப்பது தெரியக் கூடாது என்பது எந்த வியாபார வீட்டிலும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது. சன்னிக்குத் துணிச்சல் உண்டு, பாசம் உண்டு, பெட்டியடியில் உட்காரும் குணம் மட்டும் இல்லை.

சமாதானம் பேசியது பயமா?

விட்டோ பிழைத்துக்கொள்கிறார். மைக்கேல் ஓட்டலில் வைத்துச் சொலாசோவையும் ஒரு போலீஸ் கேப்டனையும் சுட்டுவிட்டுச் சிசிலிக்குத் தப்பிப் போகிறான். சன்னியைச் சுங்கச் சாவடியில் மடக்கிக் கொல்கிறார்கள். படுக்கையிலிருந்து எழுந்த விட்டோ பழிவாங்கக் கிளம்பவில்லை. எல்லாக் குடும்பத் தலைவர்களையும் கூட்டி, போர் நிற்கட்டும் என்கிறார்.

அந்தக் கூட்டத்தில் இன்னொரு குடும்பத்தின் தலைவன் பார்சினி பேசுவதைக் கவனிக்க வேண்டும். நியூயார்க்கின் நீதிபதிகளும் அரசியல்வாதிகளும் கார்லியோன் கையில் இருந்தால் அவர் அவர்களை நம்மோடு பகிர்ந்துகொள்ள வேண்டும், கிணற்றில் நாமும் தண்ணீர் இறைத்துக்கொள்ள விட வேண்டும், அந்தச் சேவைக்கு அவர் பில் போட்டுக்கொள்ளட்டும் என்கிறான். ரங்கூன் கோயிலில் வட்டி பேச உட்கார்ந்தவர்கள் வீதத்தைத்தான் பொதுவாக்கினார்கள். அவரவர் விலாசமும் (கடைப் பெயரும்) அவரவர் வாடிக்கையும் அவரவருடையதாகவே இருந்தன. பார்சினி கேட்பது அடுத்தவர் வாடிக்கையையே. நன்றிக்கடனைப் பில்லாக மாற்றச் சொல்கிறான். போனசேரா நீட்டிய பணத்தை எதற்காக விட்டோ தள்ளினாரோ, அதையே இப்போது ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இவ்வளவு பெரிய விலையை ஏன் கொடுத்தார்?

1. மைக்கேல். சிசிலியில் ஒளிந்திருக்கும் மகன் உயிரோடு வீடு திரும்ப வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பின்தான். கூட்டத்தில் அவர் மிரட்டுவதும் இந்த ஒன்றுக்காகத்தான்: என் மகனுக்கு ஏதாவது விபத்து நேர்ந்தால், அவன் மேல் இடியே விழுந்தாலும், இந்த அறையில் இருக்கிற சிலரைத்தான் குற்றம் சொல்வேன், அதை மன்னிக்க மாட்டேன் என்கிறார்.

2. எதிரி யார் என்று தெரியாமல் சண்டை போட முடியாது. திரும்பும் காரில் அவர் ஹேகனிடம் சொல்வதைக் கேளுங்கள். டாட்டாலியாவால் சன்னியை வென்றிருக்க முடியாது, பின்னால் இருந்தது பார்சினி என்று இன்றைக்குத்தான் தெரிந்தது என்கிறார். சமாதானக் கூட்டம் அவருக்கு ஒரு கணக்குத் தணிக்கையும்கூட.

அவர் செய்த சத்தியத்தின் வாசகத்தையும் பார்க்க வேண்டும். பத்திரம் எழுதுகிற ஊர்க்காரர்கள் இதைத் தவற விடக் கூடாது. பேரப்பிள்ளைகளின் ஆன்மா மேல் ஆணையாக, இன்று செய்த சமாதானத்தை முறிக்கிற ஆளாக நான் இருக்க மாட்டேன் என்கிறார். ‘நான்’ என்றுதான் இருக்கிறது. ‘என் குடும்பம்’ என்று இல்லை. அவர் இறந்த பிறகு, தங்கை பிள்ளையின் ஞானஸ்நானம் நடக்கும் நேரத்தில் மைக்கேல் நியூயார்க்கின் மற்றக் குடும்பத் தலைவர்களை ஆள் வைத்துக் கொல்கிறான். சத்தியம் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றப்படுகிறது. விட்டோ வேண்டுமென்றே அப்படிச் சொன்னாரா? பார்சினி வழியாகச் சந்திப்புக்கு யார் அழைக்கிறானோ அவன்தான் துரோகி என்று மைக்கேலுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கிற மனிதர், தன் வாயில் வரும் சொல்லைக் கணக்கில்லாமல் விட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

மைக்கேல்: கணக்கில் வராத பற்று

இங்கே வரும்போது பேரேடு வாசிப்பு தடுமாறுகிறது. தோட்டத்தில் அப்பாவும் மகனும் உட்கார்ந்து பேசும் காட்சியில் விட்டோ கிழவராகிவிட்டார். சொன்னதையே திரும்பச் சொல்கிறார். பேச்சு நடுவே மனம் வெடிக்கிறது. சன்னிக்கு இது வரும் என்று தெரியும், உனக்கு நான் இதை விரும்பவேயில்லை, பெரிய மனிதர்கள் ஆட்டுவிக்கிற பொம்மையாக நான் இருக்க மறுத்தேன், நீ அந்தக் கயிற்றைப் பிடிக்கிற ஆளாக வருவாய் என்று நினைத்தேன், செனட்டர் கார்லியோன், கவர்னர் கார்லியோன் என்கிறார். நேரம் போதவில்லை என்கிறார்.

முதல் தலைமுறை பணம் சேர்க்கும், அடுத்தது அந்தப் பணம் வந்த வழியை விட்டு வெளியே போகும். இந்த ஆசை செட்டிநாட்டுக்குத் தெரியாததல்ல. வணிகத்தில் ஈட்டியது பின்னால் பள்ளிகளாகவும் கல்லூரிகளாகவும் மாறியதைக் காரைக்குடி கண்ணால் பார்த்தது. வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமாக நிற்கின்றன. நேர்வழியில் சேர்த்த பணத்துக்கு அந்தக் கதவு திறந்தது. விட்டோவின் முதல் பணமாக இருந்திருந்தால் அவருக்கும் திறந்திருக்கலாம். அது ஆட்களாக, எழுதாத கடன்களாக இருந்தது. அதைக் கல்லூரியாக மாற்ற முடியாது, வாரிசிடம்தான் ஒப்படைக்க முடியும்.

இன்னொரு விஷயமும் நம் ஊர்க் கதையிலிருந்தே புரிகிறது. பர்மாவில் கடன் கொடுத்த செட்டியார்களுக்கு நிலம் வேண்டியிருக்கவில்லை, அசலும் வட்டியும்தான் வேண்டியிருந்தது. 1930இல் நெல் விலை விழுந்தது. கடன்பட்டவர்களால் கட்ட முடியவில்லை, அடமானம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் அவர்களிடம் இருந்தது, 1937 வாக்கில் 25 சதவீதம். விரும்பாத சொத்து கையில் சேர்ந்தது, அதோடு அந்த மண்ணின் கோபமும் சேர்ந்தது. 1941–42இல் ஜப்பானியர் வந்தபோது போட்டது போட்டபடி நடந்தே ஊர் திரும்பியவர்கள் உண்டு.

கடன் கொடுப்பவன் தான் கேட்காததைக்கூட வாங்கிக்கொள்ள வேண்டி வரும். விட்டோ சொலாசோவை மறுத்தது சரியான கணக்கு. அந்த மறுப்பால் குண்டடி பட்டார். குண்டடி பட்டதால் மைக்கேல் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றான், அப்பா, நான் இப்போது உங்களோடு இருக்கிறேன் என்று காதில் சொன்னான். படுக்கையில் கிடந்த விட்டோவின் கண்ணில் நீர் வருகிறது, சிரிக்கவும் செய்கிறார். மகன் வந்த சந்தோஷமா, மகன் போனதற்கான துக்கமா? இரண்டும் என்றே நான் படிக்கிறேன். அவர் அடமானம் வைக்க நினைக்காத ஒரே பொருள் அன்று தானாகவே வந்து ஏட்டில் ஏறிக்கொண்டது.

திரும்பி வந்த ஒரு கடன்

படம் முழுவதிலும் விட்டோ தானே வாய் விட்டுத் திரும்பக் கேட்கிற உதவி ஒன்றே ஒன்று. கல்யாணத்தன்று கொடுத்தது. சன்னி இறந்த இரவு போனசேராவுக்கு அழைப்பு போகிறது. என்ன கேட்கப் போகிறாரோ, எந்தக் குற்றத்தில் தன்னை இழுத்துவிடப் போகிறாரோ என்று போனசேரா நடுங்குவது இயல்பு. முதல் காட்சியிலிருந்து நாமும் அதே பயத்தோடுதான் அந்த நாளுக்குக் காத்திருக்கிறோம்.

விட்டோ உள்ளே வருகிறார். பின்னால் துணி மூடிய உடல். உன் திறமை அத்தனையும் இதில் காட்ட வேண்டும், இவனை இப்படி இவன் அம்மா பார்க்கக் கூடாது என்கிறார். துணியை விலக்கி, என் பிள்ளையை என்ன செய்துவிட்டார்கள் பார் என்கிறார். மகளின் சிதைந்த முகத்துக்காக அழுதுகொண்டு வந்த ஒரு தகப்பனிடம், மகனின் சிதைந்த முகத்துக்காக இன்னொரு தகப்பன் கேட்கிறார். பணத்தால் வாங்கிவிட முடிகிற வேலைதான் அது. அவர் அதற்குப் பணம் கொடுக்க முன்வரவில்லை, போனசேராவும் கேட்கவில்லை.